ஏரிக்குப் படகு, குன்றுக்குக் கார்: இத்தாலியில் 13 இரவுப் பயணத்தைத் திட்டமிடுவது எப்படி

வட இத்தாலியின் வரைபடத்தை விரித்துப் பாருங்கள். ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓர்தா, மாஜோரே, கோமோ, இசேயோ, கார்தா என்று ஏரிகள் வரிசையாகக் கிடக்கும். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் ஒன்றிரண்டு மணி நேர ஓட்டம்தான். பார்த்ததும் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சுற்றிவிடலாம் என்று ஆசை வரும். எங்களுக்கும் வந்தது. முதல் முறை 8 நாளில் 5 ஏரி, கூடவே நடு இத்தாலியின் டஸ்கனி மாநிலம், தினம் ஒரு ஹோட்டல் என்று போனோம். பெட்டியை மூடுவதும் திறப்பதுமாகவே நாட்கள் போய்விட்டன. இன்று யோசித்தால் ஏரித் தண்ணீரைவிடச் சுரங்கச் சாலைகளும், பார்க்கிங் தேடி அலைந்த தெருக்களும்தான் ஞாபகத்துக்கு வருகின்றன.

மூன்று வருடம் கழித்து மறுபடி போனபோது ஒன்றை முடிவு செய்துகொண்டோம். ஏரியைப் படகில் பார்ப்பது, குன்றுகளைக் காரில் பார்ப்பது. ஏரிக்கரை ஊர்கள் படகுத்துறையை வைத்து வளர்ந்தவை. அங்கே காருக்கு இடமும் கிடையாது, வேலையும் கிடையாது. டஸ்கனியின் குன்றுப் பக்கம் இதற்கு நேர்மாறு. பஸ் எப்போதோ ஒன்று வரும், ரயில் நிலையம் எங்கோ தூரத்தில் இருக்கும், கார் இல்லாமல் ஒரு வேளைச் சாப்பாட்டுக்குக்கூடப் போக முடியாது. கீழே சொல்லும் திட்டம் முழுக்க இந்தக் கணக்கின் மேல்தான் நிற்கிறது.

எந்த மாதம்

ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் நடு வரை, அல்லது செப்டம்பர் தொடங்கி அக்டோபர் நடு வரை. நவம்பர் முதல் மார்ச் வரை ஏரிக்கரையில் பல ஹோட்டல்கள் மூடியிருக்கும், படகுகளும் குறைந்துவிடும். ஆகஸ்டில் இத்தாலிக்காரர்களே விடுமுறையில் கிளம்பிவிடுவார்கள். ஆகஸ்ட் 15 அவர்களுக்குப் பெரிய விடுமுறை. அந்த வாரம் கார்தா ஏரிச் சாலையில் வண்டி நகராது.

என்னைக் கேட்டால் மே மாதம். நம் ஊர் பள்ளி விடுமுறைக்கும் பொருந்தும். கோமோ ஏரிக்கரையில் வில்லா கார்லோத்தா தோட்டத்தில் அசேலியா பூத்துக் கிடக்கும். டஸ்கனியில் கோதுமை பச்சையாக நிற்கும். ஜூன் கடைசிக்குள் அது பொன்னிறமாகிவிடும், அதுவும் அழகுதான். இன்னொரு காரணமும் உண்டு. மிலானுக்கு மேற்கே நொவாரா, வெர்செல்லி பக்கம் நெல் வயல்களில் தண்ணீர் கட்டி நிற்கும் நேரம் அது. ஐரோப்பிய ஒன்றியத்தில் அதிகம் நெல் விளைவது இத்தாலியில்தான். இதைத் தெரிந்துகொண்டு போனபோதும், வரப்பும் மடையும் வாய்க்காலுமாக வானம் முழுவதும் தண்ணீரில் கிடந்ததைப் பார்த்து வண்டியை ஓரம் கட்டி இறங்கி நின்றோம். சேற்று வாசனை, நாரை, தூரத்தில் பனி மூடிய மலை. அங்கே ஓடும் காவூர் கால்வாய் போ ஆற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவருகிறது, 1863-ல் தொடங்கி 1866-க்குள் வெட்டி முடித்தது.

ஏப்ரல் 25, மே 1, ஜூன் 2 மூன்றும் அங்கே அரசு விடுமுறை. சனி ஞாயிறோடு ஒட்டி வந்தால் ஏரிக்கரையில் அறை கிடைக்காது. தேதி குறிக்கும்போது இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வழி

மிலானின் மால்பென்சா விமான நிலையத்தில் இறங்கி ஃபுளோரன்ஸில் காரை ஒப்படைப்பது என் திட்டம். இரவுக் கணக்கு இப்படி: மால்பென்சா பக்கத்தில் 1, ஓர்தாவில் 2, கோமோ ஏரியின் வரென்னாவில் 3, கார்தாவின் கார்ஞானோவில் 2, மாந்தோவாவில் 1, டஸ்கனியின் வால் தோர்ச்சாவில் 4. மொத்தம் 13.

அவ்வளவு நாள் இல்லை என்றால் ஊர்களைத் தொட்டுத் தொட்டுப் போகாமல் ஓர் ஏரியையே எடுத்துவிடுங்கள். 9 இரவுதான் என்றால் வரென்னா 4, மாந்தோவா 1, வால் தோர்ச்சா 4 போதும்.

முதல் இரவு விமான நிலையத்துக்குப் பக்கத்தில் தங்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சென்னையிலிருந்து துபாய் அல்லது தோஹா வழியாகப் போய் இறங்கும்போது தூக்கம் கெட்டிருக்கும். சாலையின் வலது பக்கம் ஓட்டுவது நமக்குப் புதிது. ஸ்டியரிங் இடது பக்கம், கியர் வலது கையில். தூங்கி எழுந்து காலையில் காரை வாங்குங்கள்.

ஃபுளோரன்ஸில் முடித்தாலும் திரும்பும் விமானம் மிலானிலிருந்தே இருக்கலாம். ஃபுளோரன்ஸ் விமான நிலையத்தில் காரை விட்டுவிட்டு, டிராமில் ஏறி ரயில் நிலையம் போனால் அதிவேக ரயில் ஏறத்தாழ 2 மணி நேரத்தில் மிலான் சேர்த்துவிடும். ஓரிடத்தில் எடுத்து வேறிடத்தில் விடுவதற்குத் தனிக் கட்டணம் போடும் கார் கம்பெனிகள் உண்டு, போடாதவையும் உண்டு. மொத்த விலையை ஒப்பிட்டுப் பாருங்கள்.

காகிதங்கள்

இத்தாலிக்கு வேண்டிய ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசி எல்லை 15 நாள், ஆனால் அவ்வளவு தாமதிக்க வேண்டாம். கோடைக்கு முன் அப்பாயின்ட்மென்ட் கிடைப்பதே பாடு. மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். விசாவுக்காகப் போடும் ஹோட்டல் பதிவுகளை இலவசமாக ரத்து செய்யக்கூடியவையாகப் பார்த்துப் போடுங்கள்.

ஓட்டுபவருக்கு இந்திய லைசென்ஸோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வேண்டும். அரசின் பரிவாகன் இணையதளத்தில் விண்ணப்பித்து ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வாங்கலாம். ஒரு வருடம் செல்லும், கட்டணம் 1,000 ரூபாய். இலங்கையில் இருப்பவர்களுக்கு இதைத் தருவது ஆட்டோமொபைல் அசோசியேஷன். இரண்டு பேர் மாறி மாறி ஓட்டுவதாக இருந்தால் இரண்டு பேருக்கும் தனித்தனியாக எடுங்கள். அனுமதிப் புத்தகம் தனியாகச் செல்லாது, அசல் லைசென்ஸும் கூடவே இருக்க வேண்டும்.

ஹோட்டல்

இந்தப் பயணத்தில் மூன்று விதமான தங்குமிடங்கள் வரும். ஏரிக்கரை ஹோட்டல், பழைய ஊருக்குள் சிறு விடுதி, பண்ணை வீடு. ஒவ்வொன்றிலும் கேட்க வேண்டிய கேள்வி வேறு.

ஏரிக்கரையில் முதல் கேள்வி பார்க்கிங். "பக்கத்தில் பார்க்கிங் உண்டு" என்று போட்டிருந்தால் நம்பிவிடாதீர்கள். எவ்வளவு தூரம், எவ்வளவு கட்டணம், முன்பதிவு உண்டா என்று எழுதிக் கேளுங்கள். வரென்னாவில் பல விடுதிகளுக்குச் சொந்த இடம் கிடையாது. ஊரே படிக்கட்டால் ஆனது, பெட்டியைத் தூக்கிக்கொண்டுதான் இறங்க வேண்டும். லிஃப்ட் உண்டா என்பதும் முக்கியம். பழைய கட்டடங்களில் பெரும்பாலும் இருக்காது. வயதான அப்பா அம்மாவோடு போகிறவர்கள் இதை முதலில் கேளுங்கள்.

அடுத்தது ஏரி தெரியும் அறை. "விஸ்தா லாகோ" என்றால் ஏரிப் பார்வை. அதோடு "பார்சியாலே" என்றோ "லாதெராலே" என்றோ ஒட்டியிருந்தால், பால்கனியில் எட்டிப் பார்த்தால்தான் தண்ணீர் தெரியும். முழுப் பார்வை உள்ள அறைக்குக் கூடுதல் பணம் கொடுப்பதென்றால் ஓர் ஊரில் மட்டும் கொடுங்கள். நான் வரென்னாவில் கொடுப்பேன். காலையில் ஜன்னலைத் திறந்தால் எதிர்க்கரையில் பெல்லாஜோ முனை, அதற்குப் பின்னால் மலை, இடையே முதல் படகு இழுத்துப் போகும் கோடு. காபியை அங்கேயே எடுத்து வந்து வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தோம்.

"மாத்ரிமோனியாலே" என்றால் பெரிய ஒற்றைக் கட்டில், "தோப்பியா" என்றால் இரண்டு தனிக் கட்டில். "மெட்சா பென்சியோனே" என்றால் காலை உணவோடு இரவுச் சாப்பாடும் சேர்த்தி. சைவம் சாப்பிடுபவர்கள் இந்தக் கடைசியை எடுக்காமல் இருப்பது நல்லது, வெளியில் தேர்ந்து சாப்பிடலாம்.

பண்ணை வீட்டை அங்கே அக்ரிதுரிஸ்மோ என்பார்கள். இதற்கென்றே நாட்டில் சட்டம் இருக்கிறது. பண்ணைத் தொழில் செய்பவர்தான் இதை நடத்த முடியும். அதனால் ஒயின், எண்ணெய், சீஸ் எல்லாம் அந்த நிலத்திலோ பக்கத்திலோ விளைந்ததாக இருக்கும். டஸ்கனியில் 4 இரவையும் ஒரே பண்ணை வீட்டில் போடுங்கள். சீசனில் பல பண்ணை வீடுகள் ஓரிரண்டு இரவுக்கு அறை தருவதில்லை. வாரக் கணக்கில் எடுத்தால் விலை குறையும். சமையலறையோடு கூடிய வீடு கிடைத்தால் விடாதீர்கள். நாங்கள் பருப்புப் பொடியும் நல்லெண்ணெயும் கொண்டு போயிருந்தோம். நெய், பால் இனிப்பு, இறைச்சி சேர்ந்த எதையும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பெட்டியில் எடுத்துப் போகக் கூடாது, விமான நிலையத்தில் பிடுங்கிவிடுவார்கள். பொடிக்கும் ஊறுகாய்க்கும் தடையில்லை.

எங்கே தங்கினாலும் ஆளுக்கு, இரவுக்கு இவ்வளவு என்று ஊராட்சி வரி ஒன்று தனியாக வாங்குவார்கள். இணையத்தில் காட்டும் விலையில் அது பெரும்பாலும் சேர்ந்திருக்காது. பாஸ்போர்ட்டைக் கேட்டுப் பதிவு செய்துகொள்வதும் சட்டப்படிதான், பதற வேண்டாம். வீடு அல்லது சிறு விடுதி எடுக்கும்போது விளம்பரத்தில் "சின்" என்ற தேசியப் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். 2025-லிருந்து அது கட்டாயம். எண் இல்லாத இடத்தை நான் எடுக்க மாட்டேன்.

கார்

சின்ன வண்டி போதும். இரண்டு பெரிய பெட்டி, இரண்டு கைப்பை டிக்கிக்குள் அடங்கும் அளவு பார்த்து அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பெரிய வண்டி எடுத்தவர்கள் கோமோவின் மேற்குக் கரையில் ஒவ்வொரு வளைவிலும் மூச்சைப் பிடித்துக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறேன். கேட்காவிட்டால் கியர் வண்டிதான் வரும். இடது கையால் கியர் போட்டுப் பழகியவர்கள் ஆட்டோமேட்டிக்குக்குக் கூடுதல் பணம் கொடுப்பது வீண் செலவு இல்லை.

கிரெடிட் கார்டு, ஓட்டுநர் பெயரிலேயே இருக்க வேண்டும். மனைவி பெயரில் கார்டு, கணவர் பெயரில் முன்பதிவு என்றால் கவுன்டரில் சாவி தர மாட்டார்கள். டெபாசிட் தொகையைக் கார்டில் பிடித்து வைப்பார்கள், அதற்கு வரம்பு போதுமா என்று முன்பே வங்கியில் பாருங்கள். விலையில் சேர்ந்து வரும் காப்பீட்டில் நாம் ஏற்க வேண்டிய தொகை ஒன்று இருக்கும். டயர், கண்ணாடி, வண்டியின் அடிப்பாகம் ஆகியவை பல நேரம் அதில் சேராது. டஸ்கனியில் மண் சாலையில் ஓட்டப் போகிறோம் என்பதால் இதைப் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

வண்டியை வாங்கியதும் நகர வேண்டாம். நான்கு சக்கர விளிம்பு, பம்பரின் கீழ்ப்பகுதி, கண்ணாடி, எரிபொருள் முள் எல்லாவற்றையும் வீடியோ எடுங்கள். டிக்கியில் முக்கோணப் பலகையும் ஒளிரும் ஜாக்கெட்டும் இருக்கின்றனவா என்று பாருங்கள். 150 சென்டிமீட்டருக்குக் குறைந்த குழந்தைக்குத் தனி இருக்கை கட்டாயம்.

சுவிட்சர்லாந்து எல்லை பக்கத்திலேயே இருப்பதால், மாஜோரேயிலிருந்து கோமோவுக்கு லுகானோ வழியாகப் போகச் சொல்லி வழிகாட்டி ஆப் இழுக்கும். அந்த நாட்டு விரைவுச் சாலையில் ஏற 40 ஃபிராங்க் வில்லை வாங்க வேண்டும், கார் கம்பெனியின் அனுமதியும் வேண்டும். இத்தாலிக்குள்ளேயே இருந்துவிடுவது எளிது.

சாலையில் தெரிந்திருக்க வேண்டியவை

விரைவுச் சாலைக்குப் பச்சைப் பலகை, மற்ற பெரிய சாலைகளுக்கு நீலப் பலகை. விரைவுச் சாலையில் வேக வரம்பு 130, மழை பெய்தால் 110. ஊருக்கு வெளியே சாதாரணச் சாலையில் 90, ஊருக்குள் 50. வேகக் கேமரா நிறைய. இரண்டு இடங்களுக்கு இடையே சராசரி வேகம் பார்க்கும் கேமராவும் உண்டு, அதனால் கேமரா முன்னால் மட்டும் பிரேக் போடுவது உதவாது. ஊருக்கு வெளியே பகலிலும் முகப்பு விளக்கு எரிய வேண்டும்.

டோலில் நுழையும்போது சீட்டு எடுத்து, வெளியேறும்போது காசு கட்டுவது வழக்கம். சீட்டைத் தொலைத்தால் அதிகபட்சத் தொகை கேட்பார்கள். மஞ்சளில் டெலிபாஸ் என்று எழுதிய தடத்துக்குள் நுழைந்துவிடாதீர்கள், அது கருவி வைத்திருப்பவர்களுக்கு. வெள்ளை நிறத் தடத்தில் ரொக்கம், நீலத்தில் கார்டு. ஒரே ஒரு விதிவிலக்கு நம் வழியில் வருகிறது. வரேசே, கோமோ பக்கம் உள்ள பெதெமோந்தானா சாலைகளில் (ஏ36, ஏ59, ஏ60) டோல் சாவடியே இருக்காது. கேமரா எண்ணைப் படித்துக்கொள்ளும், 15 நாளுக்குள் இணையத்தில் நாமாகவே கட்ட வேண்டும். தெரியாமல் ஓட்டிப்போய் அபராதத்தில் மாட்டியவர்கள் நிறைய. ஆப்பில் டோல் சாலையைத் தவிர் என்று அந்தத் துண்டுக்கு மட்டும் மாற்றிவிடுங்கள்.

மிலானிலிருந்து ஏரிகளுக்குப் போகும் ஏ8 சாலைக்கு ஒரு சிறப்பு உண்டு. 1924 செப்டம்பரில் திறந்த அதுதான் உலகில் கார்களுக்கென்றே போட்ட முதல் விரைவுச் சாலை என்பார்கள்.

இப்போது முக்கியமான விஷயம். பழைய ஊர்களின் நடுப்பகுதிக்குள் வெளி வண்டி போகக் கூடாது. இந்த எல்லைக்கு ஸெட்.டி.எல். என்று பெயர். வெள்ளை வட்டத்துக்குச் சிவப்பு விளிம்பு போட்ட பலகை இருக்கும், மேலே கேமரா இருக்கும். பல ஊர்களில் மின்பலகையும் உண்டு. அதில் "வார்கோ அத்தீவோ" என்று எரிந்தால் தடை அமலில் இருக்கிறது, போகாதே என்று அர்த்தம். முதல் பயணத்தில் டஸ்கனியின் ஒரு குன்று ஊரில், இரவு 8 மணிக்கு, "அத்தீவோ" என்றால் வழி திறந்திருக்கிறது என்று எண்ணி நான் உள்ளே போனேன். ஹோட்டலைக் கண்டுபிடிக்க முடியாமல் சுற்றி அதே வாசல் வழியாக இன்னொரு தடவை நுழைந்தேன். ஒவ்வொரு நுழைவுக்கும் ஓர் அபராதம். முதலில் கார் கம்பெனி தன் வேலைக் கட்டணத்தைக் கார்டில் எடுத்தது, பல மாதம் கழித்துக் கோயம்புத்தூர் வீட்டுக்குத் தபால் வந்தது. ஒன்றுக்கு 80 யூரோவுக்கு மேல்.

இதைத் தவிர்க்க ஒரே வழிதான். ஹோட்டல் அந்த எல்லைக்குள் இருந்தால், போவதற்கு முன்பே வண்டி எண்ணை அவர்களிடம் கொடுத்துப் பதிவு செய்யச் சொல்லுங்கள். இல்லையென்றால் ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டு நடங்கள். கார்தாவின் சிர்மியோனே, மாந்தோவா, சியெனா, ஃபுளோரன்ஸ் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

பார்க்கிங்கில் நீலக் கோட்டுக்குக் காசு, வெள்ளைக் கோட்டுக்கு இல்லை, மஞ்சள் மற்றவர்களுக்கு ஒதுக்கியது. வெள்ளைக் கோட்டிலும் நேர வரம்பு இருந்தால், வந்த நேரத்தைக் காட்டும் அட்டையைக் கண்ணாடியில் வைக்க வேண்டும். பங்கில் "பென்சீனா" என்றால் பெட்ரோல், "கசோலியோ" என்றால் டீசல். குழாயில் வட்டத்துக்குள் எழுத்து இருந்தால் பெட்ரோல், சதுரம் என்றால் டீசல். "செர்வீதோ" என்ற வரிசையில் ஆள் வந்து போடுவார், விலை கூடும்.

ஓர்தாவிலிருந்து கார்தா வரை

ஓர்தா சின்ன ஏரி, கூட்டம் குறைவு. மால்பென்சாவிலிருந்து ஒரு மணி நேரம். வண்டியை மேலே உள்ள நிறுத்தத்தில் விட்டுவிட்டு ஊருக்குள் நடந்து இறங்க வேண்டும். எதிரே சான் ஜூலியோ தீவு, அதில் கன்னியர் மடம், அதைச் சுற்றி ஒரே ஒரு சந்து. கால் மணியில் சுற்றிவிடலாம், மெதுவாகச் சுற்றுங்கள். ஊருக்கு மேலே உள்ள புனித மலையில் அசிசியின் பிரான்சிஸ் வாழ்க்கையைச் சொல்லும் 20 சிறு கோயில்கள் இருக்கின்றன. இந்த ஏரியின் தண்ணீர் மற்ற ஏரிகளைப் போலத் தெற்கே வழியாமல் வடக்கே, மலையைப் பார்த்து வழிகிறது.

அங்கிருந்து வரென்னா போகும் நாளில் சீக்கிரம் கிளம்புங்கள். மாஜோரே ஏரிக்கரையின் ஸ்த்ரேசாவில் நிறுத்தி, படகில் இசோலா பெல்லா தீவுக்குப் போய் வாருங்கள். 17-ஆம் நூற்றாண்டில் பொரோமேயோ குடும்பம் பாறைத் தீவின் மேல் கட்டிய அரண்மனையும் பத்து அடுக்குத் தோட்டமும், அதில் உலவும் வெள்ளை மயில்களும். அப்புறம் இந்த்ராவிலிருந்து லவேனோவுக்குக் கார் ஏற்றும் படகு, 20 நிமிடம். இறங்கி வரேசே, கோமோ, லெக்கோ வழியாக வரென்னா. இந்தக் கடைசித் துண்டு மெதுவாகப் போகும், சாயங்காலம் என்றால் இன்னும் மெதுவாக.

கோமோ ஏரி கவிழ்த்துப் போட்ட ஒய் எழுத்துப் போல இருக்கும், ஆழம் 400 மீட்டருக்கு மேல். மூன்று கிளையும் சேரும் இடத்தில்தான் பெல்லாஜோ. பேர் பெற்ற ஊர் அது, விலையும் கூட்டமும் அதற்கேற்ப. வரென்னாவில் தங்கினால் 15 நிமிடப் படகில் அங்கே போய் வரலாம், மிலான் ரயிலும் நிற்கும். வந்த அன்றே காரை நிறுத்திவிட்டு மூன்று நாள் சாவியைத் தொடாதீர்கள். வரென்னா, பெல்லாஜோ, மெனாஜோ, கதெனாபியா நான்குக்கும் படகுகள் அடிக்கடி ஓடுகின்றன, நாள் சீட்டும் கிடைக்கும். கதெனாபியாவில் இறங்கினால் வில்லா கார்லோத்தா நடை தூரம்.

மேற்குக் கரைச் சாலையை ஒரு தடவை காரில் போய்ப் பார்க்க ஆசைப்பட்டோம். த்ரெமெட்சோ பக்கம் இரண்டு வீட்டுச் சுவர்களுக்கு நடுவே சாலை ஒடுங்கும் இடத்தில் எதிரே பஸ் வந்துவிட்டது. பின்னால் நான்கு வண்டி. பஸ் ஓட்டுநர் சத்தம் போடவில்லை. இறங்கி வந்து எங்கள் பக்கக் கண்ணாடியைக் கையால் மடக்கிவிட்டு, "பியானோ, பியானோ" என்று உள்ளங்கையைக் கீழ்நோக்கி அசைத்தார். மெதுவாக, மெதுவாக. சுவருக்கும் வண்டிக்கும் நான்கு விரற்கடைதான் இருந்தது. இம்மாதிரி இடத்தில் பஸ்ஸுக்கு வழிவிட்டு, அதன் ஓட்டுநர் சொல்கிறபடி செய்யுங்கள். தினமும் அதே சுவரோடு பழகியவர் அவர். மலைச் சாலையில் இரண்டு வண்டி விலக இடமில்லை என்றால், இறங்கி வருபவர்தான் நின்று வழிவிட வேண்டும்.

கார்தாவுக்குப் போகும் வழியில் இசேயோ ஏரியில் மதியம் நிறுத்துங்கள். சுல்சானோவிலிருந்து படகில் மோந்தே இசோலா தீவு. ஏரிக்கு நடுவே முழு மலையே எழும்பி நிற்கும். வெளியார் கார் போக முடியாது. வாடகை சைக்கிளும் வறுத்த ஏரி மீனும் அங்கே உண்டு.

கார்தா இத்தாலியின் மிகப் பெரிய ஏரி, ஏறக்குறைய 370 சதுர கிலோமீட்டர். தெற்கு முனை கடற்கரை ஊர் போலக் கலகலவென்று இருக்கும். எனக்கு மேற்குக் கரையின் கார்ஞானோ பிடிக்கும். கல் தூண்கள் நிறுத்தி, குளிர்காலத்தில் பலகையும் கண்ணாடியும் போட்டு மூடி எலுமிச்சை வளர்த்த பழைய தோட்டங்கள் அங்கே இன்னும் இருக்கின்றன. அங்கிருந்து வடக்கே ரீவா வரை போகும் மேற்குக் கரைச் சாலை 1931-ல் பாறையைக் குடைந்து போட்டது. சுரங்கம் சுரங்கமாக வரும், இடையிடையே பளிச்சென்று ஏரி தெரியும். காலை 8 மணிக்கு முன் ஓட்டினால் சாலை காலியாக இருக்கும். எதிர்க்கரையில் மால்செசினே. 1786-ல் ஜெர்மன் கவிஞர் கெத்தே அங்கே கோட்டையை வரைந்துகொண்டு உட்கார்ந்திருந்தபோது, ஒற்றன் என்று சந்தேகப்பட்டுச் சூழ்ந்துகொண்டார்கள்.

மாந்தோவா, அப்புறம் குன்றுகள்

கார்தாவின் மேற்குக் கரை மதெர்னோவிலிருந்து எதிர்க்கரையின் தோரி தெல் பெனாகோவுக்குக் கார்ப் படகு. ஆஃபியில் ஏ22 விரைவுச் சாலையில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் மாந்தோவா. மூன்று பக்கமும் ஏரி சூழ்ந்த ஊர். அக்கரையில் நின்று பார்த்தால் தண்ணீரின் மேல் ஊர் மிதக்கிற மாதிரி இருக்கும், சூரியன் சாய்கிற நேரம் அங்கே போய் நில்லுங்கள். இரவில் பூசணிக்காய் வைத்த தோர்தெல்லி என்ற பாஸ்தா சாப்பிடுங்கள், இந்த ஊரின் பண்டம், இறைச்சி சேராதது.

மறுநாள்தான் பயணத்தின் நீண்ட ஓட்டம். ஏ22-ல் மோதெனா, அங்கிருந்து ஏ1-ல் பொலோஞா, ஃபுளோரன்ஸ் தாண்டி வால்திகியானா வெளியேற்றம், அங்கிருந்து வால் தோர்ச்சாவின் பியென்சா ஊர். 300 கிலோமீட்டருக்கு மேல், நிறுத்தங்களோடு 5 மணி நேரம் வையுங்கள். பொலோஞாவுக்கும் ஃபுளோரன்ஸுக்கும் இடையே சாலை இரண்டாகப் பிரியும். 2015-ல் திறந்த புதிய வழியில் போங்கள், சீராக இருக்கும்.

வால் தோர்ச்சா 2004-லிருந்து யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறது. இங்கே கார் உங்கள் கால் மாதிரி. எஸ்.பி.146 சாலை சான் குவிரிகோ, பியென்சா, மோந்தெபுல்சியானோ மூன்றையும் கோர்த்துக்கொண்டு போகும். இடையில் வயலுக்கு நடுவே விதாலேதா என்ற ஒற்றைச் சிற்றாலயம், இரண்டு பக்கமும் சைப்ரஸ் மரங்கள். காலை 7 மணிக்கு ஒரு தடவை, மாலை 7-க்கு ஒரு தடவை அதே சாலையில் போங்கள். நடுப்பகலில் போட்டோவிலும் நன்றாக வராது, கண்ணுக்கும் சலிப்பாக இருக்கும். பாஞோ விஞோனியில் ஊர்ச் சதுக்கமே ஒரு வெந்நீர்க் குளம். அதில் இறங்கக் கூடாது, கீழே ஓடையில் கால் நனைக்கலாம்.

மண் சாலையில் மெதுவாக, முன் வண்டியின் புழுதி அடங்கும் தூரம் விட்டு ஓட்டுங்கள். எங்கள் பண்ணை வீட்டுக்கு அப்படி 2 கிலோமீட்டர் உள்ளே போக வேண்டும். இருட்டியபின் முதல் முறையாக அதைத் தேடாதீர்கள், முதல் நாள் வெளிச்சத்திலேயே போய்ச் சேருங்கள். அங்கே காலை உணவுக்கு வந்த பாட்டி, பெக்கோரீனோ என்ற செம்மறியாட்டுப்பால் சீஸில் மூன்று துண்டு வைத்து, இளையது, நடு, மூத்தது என்று விரலால் காட்டி வரிசையாகச் சாப்பிட வைத்தார். மூத்ததற்கு மட்டும் தேன் தொட்டுக்கொள்ளச் சொன்னார். பியென்சா கடைகளில் அதே மூன்றையும் கேட்டு வாங்கலாம்.

சாப்பாட்டு நேரம்

மதியம் 12:30 முதல் 2:30, இரவு 7:30-க்கு மேல். இடையில் அடுப்பு மூடியிருக்கும். ஓட்டிக்கொண்டே போய் 3 மணிக்குப் பசித்தால் சாண்ட்விச்தான். பில்லில் "கோபெர்தோ" என்று ஆளுக்கு இரண்டு மூன்று யூரோ வரும், ரொட்டிக்கும் மேசைக்கும் அது வழக்கமான கட்டணம்.

சைவர்கள் கவனிக்க வேண்டியது ரிசோத்தோ என்ற அரிசிச் சோறு. மேலே காய்கறி இருந்தாலும் இறைச்சி வேகவைத்த தண்ணீரில் செய்திருப்பார்கள், "ப்ரோதோ வெஜெதாலே?" என்று கேளுங்கள். நொவாரா, வெர்செல்லியின் உள்ளூர்ச் சோற்றில் பன்றி இறைச்சி சேரும். பர்மிஜானோ சீஸ் கன்றின் இரைப்பைச் சாற்றால் உறைய வைத்தது, கடுமையான சைவர்கள் தவிர்க்க வேண்டியிருக்கும். டஸ்கனியில் பீச்சி என்ற கைத்திரட்டு நூடுல்ஸை பூண்டு தக்காளியோடு தருவார்கள். காரம் கேட்டால் கொஞ்சம் மிளகாயும் போடுவார்கள், நமக்கு நன்றாகப் பொருந்தும்.

கடைசி நாள்

பியென்சாவிலிருந்து ஃபுளோரன்ஸ் விமான நிலையம் இரண்டு மணி நேரம். ரயிலுக்கோ விமானத்துக்கோ ஐந்து மணி நேரம் முன்பே கிளம்புங்கள். நகருக்கு முந்தைய பங்கில் டேங்க்கை நிரப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். ஆப் ஊருக்குள் குறுக்கு வழி காட்டினால் ஏற்காமல் விரைவுச் சாலையிலேயே விமான நிலையம் வரை போங்கள். வண்டியை விடும்போது எடுத்தபோது செய்தது போலவே வீடியோ, எரிபொருள் முள்ளோடு. ஆள் வந்து பார்த்து எழுதிக் கொடுக்கும் வரை நில்லுங்கள். அந்த வீடியோவையும் ரசீதுகளையும் ஒரு வருடம் அழிக்காதீர்கள், அபராதத் தபால் அவ்வளவு காலம் கழித்தும் வரும்.